அக்கா மகனுக்கு தலசீமியா. நான் மாமா மகனைக் கட்டலாமா?

காசிமேட்டிலிருந்து கேட்டிருக்கும் தங்கச்சிக்கு. நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா மகனுக்கு நாலு வயது, பீட்டா தலசீமியா மேஜர், அதாவது உடம்பால் போதுமான ஹீமோகுளோபின் செய்ய முடியாத பரம்பரை ரத்த நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறார்கள். அக்கா சொந்தத்தில் கட்டவில்லை, அவர் வீட்டுக்காரர் வியாசர்பாடிப் பக்கம், முன்பின் உறவே இல்லாத குடும்பம். உங்களுக்குத் தை மாதம் தாய்மாமன் மகனோடு கல்யாணம் பேசி முடித்திருக்கிறது. "வெளியில கட்டினவளுக்கே வந்துதே, அப்ப சொந்தத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? உங்க ரெண்டு பேருக்கும் ரத்த க்ரூப் வேற வேற, ஒண்ணும் ஆகாது" என்று வீட்டில் சொல்கிறார்கள். இது சரியா என்று கேட்கிறீர்கள். கூடவே, இத்தனை பேருடைய ரத்தம் பையன் உடம்பில் ஏறுகிறதே, அவன் ஜீன் மாறாதா, ஜீனையே திருத்துகிற ஊசி வந்துவிட்டதாமே, அதைப் போட்டால் இந்தத் தொல்லை இவனோடு முடிந்துவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது: எனக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கும் இது வருமா, கல்யாணத்துக்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ள வழி உண்டா? வழி உண்டு. ஆளுக்கு ஒரு குப்பி ரத்தம் போதும்.

நான் டாக்டர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 26 வருஷம் வேலை பார்த்தேன். இப்போது தண்டையார்பேட்டையில் லேப் டெக்னீஷியன் படிப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சிகிச்சை பற்றிய முடிவை ரத்தவியல் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் இந்தக் கேள்வி எனக்கு வெறும் பாடம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மெஷினைப் பழகுவதற்காக என் ரத்தத்தையே எடுத்து ஓட்டினேன். சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. 64 என்று வந்தது. சாதாரணமாக 80-க்கு மேல் இருக்க வேண்டும். மெஷின்தான் கோளாறு என்று இரண்டாம் தடவை ஓட்டினேன், மறுபடியும் 64. பெரியவர் ஒருவர் என் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, "வந்து பாரு" என்றார். நடுவில் வெளிறி, சின்னச் சின்னதாக, இடையிடையே அம்பு எறியும் பலகை மாதிரி நடுப்புள்ளியோடு அணுக்கள். பள்ளிக்கூட நாள் முழுக்க என் அம்மா முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் இரும்பு டானிக்குமாக ஊட்டி வளர்த்தும் என் ரத்தம் தேறாததற்குக் காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் பீட்டா தலசீமியா கேரியர், அதாவது அந்த நோயின் ஜீனைச் சுமப்பவன், நோயாளி இல்லை. கல்யாணம் பேசியபோது பெண் வீட்டில் இதைச் சொல்லி, அவருக்கும் சோதனை எடுத்த பிறகே தேதி குறித்தோம்.

ஜீன் என்றால் என்ன என்பதை என் மாணவர்களுக்கு எம்.சி. ரோடு தையல்கடையை வைத்துத்தான் சொல்லித் தருவேன். கட்டிங் மாஸ்டரிடம் ஒரு பெரிய அளவு நோட்டு இருக்கும். அது அவர் மேசையை விட்டு நகராது. ஒரு சட்டை தைக்க வேண்டுமென்றால், அந்தப் பக்கத்தை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிப் பின்னால் மிஷினுக்கு அனுப்புவார். நம் செல்லுக்குள் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. தான் அந்த நோட்டு. ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்தில், ஏறக்குறைய 300 கோடி எழுத்துகளில் எழுதியது. அதில் ஒரு பொருளுக்கான பக்கம் ஒரு ஜீன். புரதம் செய்யச் சொல்லும் ஜீன்கள் சுமார் 20,000. துண்டுச் சீட்டின் பெயர் ஆர்.என்.ஏ. பின்னால் இருக்கும் மிஷின் ரைபோசோம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது இந்த மிஷின் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்ததற்காகத்தான். மிஷின் சீட்டை மும்மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு அமினோ அமிலம் என்று கோர்த்துக்கொண்டே போகும். கோர்த்து முடிந்து, மடிந்து, ஒரு வடிவத்துக்கு வந்தால் அது புரதம். உடம்பில் வேலை செய்வது புரதம்தான், ஜீன் எழுத்தாகவே இருந்துவிடும்.

உங்கள் அக்கா மகன் விஷயத்தில் அந்தப் புரதம், சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின். ஆல்ஃபா இழை இரண்டு, பீட்டா இழை இரண்டு சேர்ந்து ஒரு ஹீமோகுளோபின் ஆகும். பீட்டா இழைக்கான ஜீன் 11-ஆவது குரோமோசோமில், அதாவது அந்த நோட்டின் 11-ஆவது கட்டில், இருக்கிறது. 146 அமினோ அமிலம் கொண்ட சின்ன இழை. ஜீனின் நீளம் சுமார் 1,600 எழுத்து, ஆனால் இழைக்கு வேண்டியது 444 எழுத்துதான். மிச்சத்தில் பெரும்பகுதி இடையில் வரும் இரண்டு துண்டுகள். சீட்டு எழுதியதும் அந்த இடைத்துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு, வேண்டியதை ஒட்டிய பிறகுதான் சீட்டு மிஷினுக்குப் போகும். எங்கே வெட்ட வேண்டும் என்பதற்கும் எழுத்திலேயே குறி உண்டு, துணியில் சாக் கோடு போட்ட மாதிரி. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிக அதிகமாகக் காரணமாக இருக்கும் பிழை இந்த வெட்டுக் குறியில்தான் இருக்கிறது. முதல் இடைத்துண்டின் ஐந்தாவது எழுத்து ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி. கோடு அழிந்துபோனால் கத்தரி வேறு இடத்தில் வெட்டும், வெட்டிய சீட்டு எதற்கும் உதவாது. ஒழுங்காக வெட்டுப்படுவது கொஞ்சமே கொஞ்சம். பீட்டா இழை தேவைக்குக் கிடைக்காது. ஜோடி கிடைக்காத ஆல்ஃபா இழைகள் எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே கட்டிதட்டி, வளர்ந்துகொண்டிருக்கும் சிவப்பணுவையே கொன்றுவிடும். 300 கோடியில் ஓர் எழுத்து. இத்தனை வருஷம் கழித்தும் இதைக் கரும்பலகையில் எழுதும்போது எனக்குக் கை ஒரு நொடி நிற்கும்.

இதே ஜீனில் வேறோர் இடத்தில் ஓர் எழுத்து மாறினால் அரிவாள் அணு நோய். 1952-லேயே நீலகிரிப் பழங்குடிகளிடம் அதைக் கண்டறிந்தார்கள். அதில் இழை தேவையான அளவுக்கு வரும், குணம் கெட்டு வரும். தலசீமியாவில் வருவதே குறைவு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

இப்போது உங்கள் வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். நம் ஒவ்வொருவரிடமும் பீட்டா ஜீன் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டு ஒன்று நன்றாக இருந்தால் கேரியர், என்னைப் போல. நல்ல பிரதி வேலையைத் தாங்கிக்கொள்ளும், கொஞ்சம் ரத்தம் கம்மி, அவ்வளவுதான். இரண்டும் கெட்டால்தான் மேஜர். உங்கள் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கெட்ட பிரதியோடு தெரியாமல் சந்தித்தவர்கள். நாடு முழுக்கப் பார்த்தால் நூற்றுக்கு மூன்று நாலு பேர் கேரியர் என்பது பொதுவான கணக்கு. ஆகவே வெளியில் கட்டினாலும் வர முடியும். சிந்தி, பஞ்சாபி, குஜராத்திக் குடும்பங்களில் அதிகம் என்பது உண்மைதான். அதை வைத்து "இது சௌகார்பேட்டைக்காரங்க வியாதி" என்று நம் பக்கம் சோதனையே எடுக்காமல் விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் பிறந்த கஷ்டத்தையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வெளியில் கட்டியும் வந்தது என்பதால், சொந்தத்தில் கட்டினால் பயமில்லை என்று ஆகாது. சொந்தக் கல்யாணம் புதிதாக எந்தப் பிழையையும் உண்டாக்குவதில்லை. ஒரே பாட்டியிடமிருந்து இறங்கி வந்த ஒரே பிழை இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பைத்தான் கூட்டுகிறது. எந்தத் தம்பதிக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகள் ஏதோ ஒரு பிறவிக் குறையோடு பிறக்கலாம். அத்தை மகன், மாமன் மகள் என்ற உறவில் அதற்கு மேல் இன்னொரு இரண்டு மூன்று கூடும். தாய்மாமனையே கட்டினால் உறவு இன்னும் நெருக்கம், வாய்ப்பும் இன்னும் கூடும். தமிழ்நாட்டில் இத்தனை சொந்தக் கல்யாணங்கள் நடந்து பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். இது குடும்பத்தில் எந்த நோயும் தெரியாதவர்களுக்கான சராசரி. உங்கள் வீட்டில் இன்ன ஜீன் என்று பெயரே தெரிந்துவிட்டது, ஆகவே சராசரியை விட்டுவிட்டு உங்கள் கணக்கையே போடலாம்.

அக்கா கேரியர், அதில் சந்தேகமில்லை. அவருக்கு அது அம்மா வழியாகவோ அப்பா வழியாகவோ வந்திருக்கும். எந்த வழியானாலும் நீங்கள் கேரியராக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அப்பா வழி என்றால், உங்கள் மாமா மகனுக்கும் அந்தப் பிழைக்கும் தொடர்பே இல்லை. ஊரில் யாருக்கும் உள்ள நூற்றுக்கு மூன்று நாலுதான் அவருக்கும். அம்மா வழி என்றால், அம்மாவோடு பிறந்த மாமாவுக்கு இரண்டில் ஒன்று, அவர் மகனுக்கு நாலில் ஒன்று. எந்த வழி என்று தெரியாத இன்றைய நிலையில் மாமா மகனுக்குச் சுமார் எட்டில் ஒன்று. நீங்கள் இருவருமே கேரியராக இருக்க 16-இல் ஒன்று, குழந்தைக்கு மேஜர் வர 64-இல் ஒன்று. இதெல்லாம் சோதனை எடுக்காதவரை போடும் கணக்கு. எடுத்த பிறகு விடை இரண்டே இரண்டு. ஒருவராவது கேரியர் இல்லையென்றால் உங்கள் குழந்தைக்கு மேஜர் வருமோ என்று பயப்பட வேண்டியதில்லை. இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று. ஒவ்வொரு கர்ப்பத்திலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். காசு ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சுண்டப்படுகிறது. "முதல் பிள்ளைக்கு வந்துட்டுது, அடுத்த மூணும் தப்பிச்சிடும்" என்று உங்கள் அக்காவிடம் யாராவது சொன்னால் அது தவறு. அவர் அடுத்த குழந்தையை நினைத்தால், கருவின் 10 முதல் 12 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவைச் சிறிது எடுத்து ஜீனைப் பார்க்கும் சோதனை உண்டு. கர்ப்பம் தெரிந்த அன்றே டாக்டரிடம் போக வேண்டும், நாள் தள்ளக் கூடாது.

ரத்த க்ரூப் விஷயம் சட்டென்று முடியக்கூடியது. ஏ, பி, ஓ க்ரூப்பைத் தீர்மானிக்கும் ஜீன் 9-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. சிவப்பணுவின் மேல் எந்தச் சர்க்கரையை ஒட்டுவது என்பதுதான் அதன் வேலை. தலசீமியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வேறு வேறு க்ரூப் என்பது பாதுகாப்பும் இல்லை, ஒரே க்ரூப் என்பது ஆபத்தும் இல்லை. க்ரூப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பெண் நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ் என்றால் கர்ப்ப காலத்தில் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்கு ஆன்டி-டி என்ற ஊசி இருக்கிறது.

இத்தனை பேர் ரத்தம் ஏறியும் ஜீன் ஏன் மாறவில்லை என்று கேட்டீர்களே, நல்ல கேள்வி. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது. நோட்டு இல்லாமல், தைத்து முடித்த சட்டையை மட்டும் கொண்டு வருகிறது. 120 நாள் போல ஓடும், பிறகு உடைந்துவிடும். பையனின் மஜ்ஜையில் இருக்கும் நோட்டு அப்படியேதான் இருக்கும், அதனால்தான் மறுபடி மறுபடி ஏற்ற வேண்டியிருக்கிறது. ஒரு பை ரத்தத்தோடு 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளே போகிறது. உடம்பு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமுக்கு மேல் வெளியே தள்ளாது. மீதி இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை வெளியேற்றத்தான் அக்கா தினமும் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மாத்திரை. பையன் முகம் நன்றாகத் தெளிந்திருக்கிறதே என்று அந்த மாத்திரையை நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. ரத்தம் ஏற்றுவதைப் போலவே இதையும் விடக் கூடாது என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த ஊசி. ஜீன் தொழில்நுட்பம் என்றாலே இனிமேல் வரப்போவது என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் தெருவில் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் பாட்டியிடம் அது எப்போதோ வந்துவிட்டது. மனித இன்சுலின் ஜீனை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்த இன்சுலினுக்கு 1982-லேயே அனுமதி கிடைத்தது. நீங்கள் கேள்விப்பட்டது கிரிஸ்பர் என்ற, ஜீனை வெட்டும் கத்தரியை வைத்துச் செய்யும் கேஸ்ஜெவி என்ற சிகிச்சை. 2023 நவம்பரில் பிரிட்டன் முதலில் அனுமதித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்கா தலசீமியாவுக்கு அனுமதித்தது. சோதனையில் கணக்கில் எடுத்த 35 பேரில் 32 பேர் குறைந்தது ஒரு வருஷம் ரத்தமே ஏற்றாமல் இருந்தார்கள். இது நிச்சயமான, மகிழ வேண்டிய செய்தி. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி அது கெட்ட எழுத்தை அழித்துத் திருத்துவதில்லை. வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேறு ஒரு ஹீமோகுளோபின் ஓடும், அதற்கு பீட்டா இழை வேண்டாம், காமா இழை போதும். பிறந்த பிறகு பி.சி.எல்.11ஏ என்ற ஜீன் அந்தக் காமா கடையை மெதுவாக மூடிவிடும். உங்கள் அக்கா மகன் முதல் ஆறு மாதம் நன்றாக இருந்து பிறகு வெளிறினானே, காரணம் அதுதான். கிரிஸ்பர் செய்வது, மூடச் சொல்லும் அந்த ஜீனை ரத்த அணுக்களில் மட்டும் அடக்கி, மூடிய கடையைத் திறந்துவிடுவது.

அது கையில் போடும் ஒரே ஊசியும் இல்லை. ரத்தத்தின் தாய்ச் செல்களை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் வெட்டி, பையனின் பழைய மஜ்ஜையைக் கடுமையான கீமோ மருந்தால் அழித்துவிட்டு, பிறகு திருப்பி ஏற்ற வேண்டும். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் தனியறை. அந்த மருந்து பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கலாம். முதல் அனுமதி 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. அமெரிக்காவில் வைத்த விலை 22 லட்சம் டாலர். இருபது முப்பது வருஷம் கழித்து வெட்டிய செல்கள் எப்படி இருக்கும் என்பதை இன்றைக்கு யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, அத்தனை வருஷம் இன்னும் ஆகவில்லை. இன்னொன்று, மாறுவது ரத்தச் செல் மட்டுமே. விந்தணுவிலும் கருமுட்டையிலும் பழைய எழுத்தே இருக்கும். ஆகவே இந்தச் சிகிச்சை எடுத்தவரின் பிள்ளைக்கும் கெட்ட பிரதி போகத்தான் செய்யும். "இவனோடு முடிந்துவிடாதா" என்று கேட்டீர்கள். ஊசியால் முடியாது.

நம்பிக்கையை விட வேண்டாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஹீமோஃபிலியா என்ற, ரத்தம் சரியாக உறையாத நோய் உள்ள 5 பேருக்கு ஜீன் சிகிச்சை கொடுத்துப் பலன் கண்டதை 2024-இல் வெளியிட்டார்கள், அறிவு பக்கத்திலேயே வந்துவிட்டது. இன்றைக்குக் கைக்கு எட்டுவது மஜ்ஜை மாற்று. உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பொருந்தினால் செலவுக்கு, கோல் இந்தியா 2017-இல் தொடங்கிய தலசீமியா பால் சேவா யோஜனாவில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. தலசீமியா 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சேர்ந்திருக்கிறது, பையனுக்குச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா என்று பாருங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சி.பி.சி. என்ற ரத்த அணு எண்ணிக்கை, ஹெச்.பி.எல்.சி. என்ற முறையில் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பது, இந்த இரண்டையும் எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஊதா மூடிக் குப்பியில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். பெரிய அரசு மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். எம்.சி.வி. 80-க்குக் கீழே, ஹெச்.பி.ஏ.2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேலே இருந்தால் பெரும்பாலும் கேரியர். ரத்தம் கம்மி என்றதும் இரும்பு மாத்திரையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு கர்ப்பம் முழுக்க அப்படியே அனுப்பப்பட்டு, மூன்றாவது பிள்ளை மேஜரோடு பிறந்த பிறகு எங்களிடம் வந்த ஒரு தாயின் முகம் எனக்கு மறக்கவில்லை. சோதனைக்கும் எல்லை உண்டு: உண்மையிலேயே இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஹெச்.பி.ஏ.2 இறங்கி கேரியரை மறைக்கலாம், பி12 குறைந்தால் ஏறிக் காட்டலாம். மிக லேசான பிழையாக இருந்தால் எல்லாமே சரியாகத் தெரியவும் கூடும். எண் 3.5-ஐ ஒட்டி நின்றால் ஜீன் சோதனைதான் முடிவு. பையனுக்கு ஏற்கெனவே ஜீன் சோதனை எடுத்திருந்தால் அந்தத் தாளைக் கையோடு கொண்டு போங்கள். எந்த எழுத்து என்று தெரிந்தால் அந்த ஒரே இடத்தைத் தேடினால் போதும், செலவும் குறையும், சந்தேகமும் குறையும்.

யார் முதலில் என்று கேட்டால், நீங்களும் அம்மாவும் ஒன்றாகப் போங்கள். உங்களுக்கு இல்லையென்று உறுதியானால் மாமா மகனை ஊசி குத்தாமலே விட்டுவிடலாம். உங்களுக்கு இருந்தால், அம்மாவுக்கு என்ன வந்தது என்று பார்த்துவிட்டு மாமா வீட்டில் பேசுங்கள். அம்மாவுக்கு இல்லாவிட்டாலும் நீங்கள் கேரியர் என்றால் மாமா மகனும் ஒரு தடவை சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடட்டும். பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் ரிசல்ட் கையில் இருக்கும்.